லாடம்

பதினோரு பேருடைய பாதங்கள்
வாட்ஸ்அப்பில் வந்தன,
மாவுப்பைக் காகிதத்தில் பென்சிலால் சுற்றி வரைந்து
ஓரத்தில் ஒரு ஸ்கேலோடு.

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால்
மாடக்கண்ணு அண்ணாச்சி,
கரகாட்டக்காரர்களுக்குச் சலங்கை வார் தைக்கிறவர்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
“முட்டு வரைக்குமா? இந்த வெயில்லயா?”
“இங்கெ இல்ல அண்ணாச்சி, உக்ரைன்.”
“சலங்கை கோக்கணுமா?”
“வேண்டாம். சத்தம் குதிகால்லேர்ந்து வரும்.”
கொஞ்ச நேரம் தோலை முகர்ந்தார்.
“அப்பம் லாடம் அடிச்சிருவோம்.
மாட்டுக்கு அடிக்கதுதான், சின்னதா வெட்டி.”

பொல்தாவாவுக்கு நான் போனது டாக்டருக்குப் படிக்க.
முதல் பனியில் மூன்று நாள் கதவு திறக்காதவளை
ஹலினா ஸ்தெபானிவ்னா
போர்வையோடு இழுத்துப்போய்
ஆட்டத்தில் நிறுத்தினாள்.
ஓரத்தில் இல்லை. நடு வரிசையில்.
என் சுருட்டை முடியில் மலர்வளையம் நிற்காமல்
பதினாறு ஊசி குத்தினாள், சத்தமாக எண்ணிக்கொண்டே.
அந்த மொழியில்
பதினாறு வரை எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

ஊர் திரும்பியும் விடவில்லை.
பரீட்சையில் இரண்டாம் முறை தோற்ற இரவிலும் ஆடினேன்,
வண்ணார்பேட்டை மாடியில்,
வீட்டுக்காரர் ஒட்டடைக் கம்பால்
கீழிருந்து மச்சை இடிக்கும்வரை.
பத்தொன்பது வருஷம்.

பழைய பூட்ஸ் எல்லாம்
மூன்றாம் மாடி அலமாரியில் இருந்தன.
மூன்றாம் மாடி இப்போது இல்லை.
பள்ளிக்கூடத்து நிலவறையில் ஆடுகிறார்கள்.

ஒரு காகிதத்தில் இடது பாதம் மட்டும்.
தராஸ்.
ஒன்று போதுமா என்று எழுதிக் கேட்டேன்.
எந்த நோயாளியிடமும்
அவ்வளவு அசிங்கமாக நான் கேட்டதில்லை.
“ரெண்டும் வேணும், நாற்பத்திமூன்று.
பிளாஸ்டிக் காலும் தாளம் தப்பக் கூடாதுல்லா?”
பதிலை அண்ணாச்சியிடம் நம்ம பேச்சில் சொன்னேன்.
“பெறகென்ன” என்றார்.
அந்தக் குதிக்கு மட்டும் ஆணி ஒன்று கூடுதல்.

நாலு மாதச் சாயங்காலக் கிளினிக் காசு.
குங்குமச் சிவப்பு கேட்டேன்,
வந்தது கொஞ்சம் செங்கல்.

நாளைக்குப் பார்சல்.
படிவத்தில் இரண்டே கட்டம்,
விற்பனை, அன்பளிப்பு.
கடன் என்று ஒன்று இல்லை.
அன்பளிப்பில் டிக் போட்டுவிட்டு,
கடைசி நோயாளியும் போனபின்
முப்பத்தெட்டாம் அளவை மாட்டிக்கொண்டு
கடப்பாக்கல் தரையில்
ஒரே ஒரு தட்டு.

கீழே மருந்துக்கடையில்
பாட்டில்கள் கிணுங்கின.
“என்னக்கா உடைஞ்சிது?” என்றான் செய்யது.
ஒண்ணுமில்லடே என்று சொல்லி
இன்னொரு தட்டு.