எல்லைக்கல்

கமரா முக்கியமில்லை, பார்க்கிற கண்தான் என்று
களுவாஞ்சிகுடித் தேநீர்க்கடையில் வைத்து
நான்தான் சொன்னேன்.
அப்போது என் தோளில் தொங்கியது
தவணைக்கு எடுத்த, நான்கு இலட்சம் ரூபாய்க் கமரா.
இன்னும் பதினொரு மாதம் கட்ட வேண்டும்.

ஜெஸீலிடம் கைப்பேசி மட்டும்.
லென்ஸின் மூலையில் வெடிப்பு.
எதை எடுத்தாலும் அதன்மேல் ஒரு சிலந்தி வலை விழும்.
அவன் சிரித்தான். தேநீர்க் காசையும் அவனே கொடுத்தான்.

குருமண்வெளித் துறையில் பாதை ஏறினோம்.
எங்கள் ஊரில் பாதை என்றால்
மோட்டார் சைக்கிளையும் ஆட்களையும் ஓர் ஆட்டையும் சுமந்து
வாவியில் நகர்வது.
மண்டூரில் இறங்கி
படுவான்கரை வெயிலில் இன்னும் ஒன்பது கட்டை.

வளவின் கடப்பில் தடி இல்லை.
நாயுண்ணி பூத்திருந்தது.
வீட்டுக்குக் கூரை இல்லாததால்
வெளிச்சத்துக்குத் தட்டுப்பாடு இல்லை.
அடுப்படிச் சுவரைப் பிளந்து அரசு முளைத்திருந்தது.
நான் மண்டியிட்டு
லென்ஸின் வாயை முழுதாகத் திறந்தேன்.
அதன் பெருமையே அதுதான்:
ஒரே ஓர் இலையைக் கூர்மையாக நிறுத்திவிட்டு
மீதி உலகத்தைத் தேனாக்கிவிடும்.
அந்த மங்கலுக்குத்தான்
மாதாமாதம் பணம் கட்டுகிறேன்.

நான் நூற்றிப் பதினாறு படம்.
ஜெஸீல் ஒன்பது. அதிலும் பாதியில் அவனுடைய பெருவிரல்.

மறுகா செட்டிபாளையம் வந்தோம்.
வீட்டுக்காரி தவநேசம்
பள்ளிச் சட்டைகளுக்குப் பொத்தான்காது தைத்துக்கொண்டிருந்தா.
தொண்ணூறில் அந்தக் கடப்பைத் தாண்டியபோது
அவவுக்குப் பத்தொன்பது வயது.

என் மிகச் சிறந்ததை முதலில் நீட்டினேன்:
இலை. இலைக்குப் பின்னால் ஒழுகும் சுவர்.

“வடிவா இருக்கு” என்றா.
இரண்டு விரலால் படத்தை விரித்தா.
இலையைத் தாண்டினா, வெளிச்சத்தைத் தாண்டினா,
சுவரின் அடியில், வடக்கு மூலையில் போய் நின்றா.
“இதில ஒரு கல் நிக்கணும் தம்பி.
நம்பர் வெட்டியிருக்கும்.
கந்தோரில அதைத்தான் கேக்கிறாங்க.”

கல் நின்றது.
தேனுக்குள் ஒரு சாம்பல் கட்டி.
பெரிதாக்கப் பெரிதாக்க
அது இன்னும் அழகாக
ஒன்றுமில்லாமல் போனது.

ஜெஸீல் தன் ஒன்பதைத் தள்ளினான்.
ஏழாவதில் விரல், வலை,
வலைக்குப் பின்னால் கல்:
நான்கு, ஒன்று, பிறகு ஏழோ ஒன்றோ.
வெடிப்பு சரியாக அந்த இடத்தால் ஓடியது.

அவ என் படங்களுக்கே திரும்பினா.
கதவு நிலை இருந்த ஓட்டை ஒன்றில்
என் கமரா எல்லாவற்றையும் சொல்லியிருந்தது,
எடுத்தவன் கவனிக்காமலே:
சுவருக்குள் மிஞ்சிய மரத்துண்டில்
நேராக, நெருக்கமாக, வாளின் பல்வரிசை.

“ஷெல் பட்டு விழுந்ததெண்டு
இவ்வளவு காலமும் நினைச்சன்.
இது அறுத்து எடுத்திருக்கு.”
கொஞ்ச நேரம் கழித்து,
“முதிரை நிலை. எங்கயோ ஒரு வீட்டில
பூட்டித் திறக்கிறாங்க இப்ப.”
அழவில்லை. மெசினை மிதித்தா.
ஒரு பொத்தான்காது கோணலாய்ப் போனது, பிரித்தா.

அந்தக் கூர்மையும் நான் காசு கொடுத்து வாங்கியதுதான்.
அதை அவவிடம் காட்ட
வாங்கவில்லை.

இரவு சந்திக் கடையில் நின்றோம்.
விடிய முதல் பாதை ஐந்தரைக்கு.
கல்லில் பாசி பிடித்திருக்கிறது;
சுரண்டிவிட்டு வெட்டுக்குள் மா தடவினால்
இலக்கம் எழும்பும் என்றான் ஜெஸீல்.
லென்ஸின் வாயை நான் சிறிதாக்க வேண்டும்.
வாயையும் என்றான்.

கால் கிலோ கோதுமை மா,
பல் துலக்கும் பிரஷ் ஒன்று.
இந்தமுறை காசு நான் கொடுத்தேன்.