இருபத்திரண்டு யாருக்கு

மூன்று மணிக்குத்
தூங்கா நகரமும் படுத்துவிடுகிறது.
பெயரைக் காப்பாற்ற
கீழவெளி வீதியில் ஒரு பரோட்டாக் கல்,
மாட்டுத்தாவணியில் ஏழெட்டுப் பஸ்,
அவ்வளவுதான்.
என் திரையில் மின்தேவைக் கோடு
பாயைத் தேடிக் குனிகிறது.

கடலில் அப்போதுதான் எழுந்திருக்கிறது காற்று.
அம்மியைத் தூக்கும் மாதம்.
மன்னார் வளைகுடாவில் இடுப்பளவு இருட்டில் நிற்கும்
அறுபத்திரண்டு காற்றாலைகளும்
எடுத்துக்கொள் எடுத்துக்கொள் என்கின்றன.
"மேடம், குறைக்கச் சொல்லிருங்க."
சொல்கிறேன்.
பந்தியில் இலையை மூடுகிறவர்கள் மாதிரி
இறக்கைகள் ஒவ்வொன்றாய் முகம் திருப்பிக்கொள்கின்றன.
பதிவேட்டில்:
02.50 முதல் 05.10 வரை.
காரணம்: தேவை இல்லை.
கையெழுத்து, ச. எழிலரசி, உதவிப் பொறியாளர்.

ஷிப்ட் முடிந்து மேலூர்ப் பக்கம் போனேன்.
மலையில் பாதி நிற்கிறது.
மறுபாதி இருந்த இடத்தில்
சதுரம் சதுரமாய் வெட்டிய பள்ளம்,
பத்து வருஷத்து மழை, பச்சையாய்.
லாரி டியூப்பின் மேல் உட்கார்ந்து
வீரணன் கயிறு விட்டார்.
இதே பாறையில் ஜாக்கம்மர் பிடித்தவர்,
இடது காதில் பேச வேண்டும்.
"நாப்பத்தொண்ணு மீட்டரு" என்றார்.
எழுதிக்கொண்டேன்.

சொன்னேன்:
ராத்திரி மிஞ்சுகிற கடல்காற்று
இந்தத் தண்ணீரை மலைமேல் ஏற்றும்.
சாயங்காலம் ஊரே சுவிட்சைத் தட்டும்போது
தண்ணீர் இறங்கும்,
சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு.
"காத்து எப்படி இங்கிட்டு வரும்?"
கம்பியில்.
அவர் சிரிக்கவில்லை.
"எம்புட்டு நிக்கும்?"

ஒரு தண்ணி லாரி
நூறு மீட்டர் இறங்கினால்
இரண்டரை யூனிட்.
சொன்னதும் எனக்கே கூச்சமாக இருந்தது.
இத்தனை உயரம், இத்தனை எடை, அதற்கு இவ்வளவுதானா.
எத்தனை லாரி இந்தப் பள்ளத்தில் என்று
இருவரும் திரும்பிப் பார்த்தோம்.
"போன லாரிய எவனும் எண்ணல,
வர்ற லாரியவாச்சும் எண்ணுங்க."

பிறகு கேட்டார்:
"நூறு ஏத்துனா நூறும் இறங்குமா?"
எழுபத்தெட்டு.
"மிச்சம் இருபத்திரண்டு யாருக்கு?"

அந்தப் பள்ளத்தில் அது பழைய கேள்வி.
பர்மிட்டில் ஒரு கல், வண்டியில் மூன்று கல்,
நடுவில் போனதைக் கேட்டவர்களுக்கு
மறுநாள் வேலை இல்லை.
யாருக்கும் இல்லை அண்ணே, என்றேன்,
உராய்வு, சூடு, சத்தம்.
அவர் முகம் மாறவில்லை.
எஸ்டிமேட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
பம்ப் தின்பது ஒன்பது.
டர்பைன் ஏழு.
குழாயின் சொரசொரப்பு மூன்று.
டிரான்ஸ்பார்மர் முனகுவதில் இரண்டு.

ஈரக் கையைச் சட்டையில் துடைத்து
விரல் விட்டு எண்ணினார்.
"இருபத்தொண்ணுதான் வருது."

டியூப் மெல்லச் சுழன்றது.
தலைக்கு மேல் பாறைச் சுவரில்
துளைபோட்ட கோடுகள், வரிசை தப்பாமல்.

இரவு மூன்று மணி.
"மேடம், குறைக்கச் சொல்லிருங்க."
சொன்னேன்.
தேவை இல்லை என்று எழுதப்
பேனா நகரவில்லை.
வைக்க இடம் இல்லை
என்று எழுதினேன்.
அதற்குக் கீழே, பென்சிலில்,
ஆடிட்டர் பார்த்தால் விழிக்கட்டும்:
ஒன்று குறைகிறது.