மூன்றாம் எண் வயல்

அறுபது நாற்காலி விரித்துப் போட்டேன்.
வந்தது இருபத்து மூன்று பேர், ஒரு நாய்.
நல்லிணக்க வாரம் என்று எழுதிய துணி
மழையில் ஒரு முனை அவிழ்ந்து
தபால் நிலையச் சுவரை அறைந்துகொண்டிருந்தது.

வாசலில் நோலீன் ஈரத் தழைக்கு நெருப்பு வைத்தாள்.
பிடிக்கவில்லை. ஊதினாள். திட்டினாள். மறுபடி ஊதினாள்.
பிடித்ததும் புகை நேரே உள்ளே போய்
கூரையிலிருந்த அபாய மணியை எழுப்பிவிட்டது.
ஏணி வைத்து ஏறி அதன் வாயை அடைத்தவன் நான்.
பதினொரு வருஷமாக மண்டபத்துச் சாவி என்னிடம்.

நகரத் தலைவர் தாளைப் பார்த்து வாசித்தார்.
ஆற்றின் பழைய பெயர் ஙரல்மா.
அவருக்கு முதல் எழுத்து வரவில்லை.
நரல்மா என்றார். கரல்மா என்றார்.
“மூக்கில் தொடங்கு, டென்சில்” என்றாள் நோலீன்,
தேநீரைக் கலக்கிக்கொண்டே.
கெட்டிலுக்குப் பின்னால் நின்று
நானும் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.
எனக்கும் வரவில்லை.

பன்கள் பாதி தீர்ந்த பிறகு பெட்டிக்ரூ வந்தார்.
கூட்டத்துக்கு வருகிற ஆளில்லை.
தொப்பி சொட்டச் சொட்ட
ஒரு பிஸ்கட் டப்பாவை ஜாம் கிண்ணத்தருகே வைத்தார்.
“தாத்தா உழும்போது கிடைத்தவை.”
அவ்வளவுதான் பேச்சு.

கற்கள்.
விளிம்பைத் தட்டித் தட்டிக் கூராக்கியவை,
கட்டைவிரல் பதிய ஒரு பள்ளம் உள்ளவை.
ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய சீட்டு:
மூன்றாம் எண் வயல், 1931.
மூன்றாம் எண் வயல், ஓடைப் பக்கம், 1934.
அழகான கையெழுத்து.

யாரும் கை நீட்டவில்லை.
டென்சில் தாளைப் புரட்டினார்,
அதில் இதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
நன்றி சொல்லலாமா என்று ஒருத்தி என்னைக் கேட்டாள்.
யார் யாருக்கு என்றேன்.

நோலீனின் தம்பி கிளாரி
கண்ணாடியை மாற்றிக்கொண்டு
எல்லாச் சீட்டையும் படித்தான்.
“உன் தாத்தா கெட்டிக்காரர்” என்றான்.
பாராட்டா என்று பெட்டிக்ரூவுக்கும் புரியவில்லை.
“எங்கே எடுத்தார் என்று எழுதிவைத்திருக்கிறார்.
அப்படியானால் எங்கே வைப்பது என்று தெரியும்.
வண்டியை எடு.”

மழையிலேயே போனோம்.
கேட்டில் பூட்டு.
சாவி பெட்டிக்ரூவின் வேறொரு கால்சட்டையில்.
வேலிக்கு இப்பால் நனைந்துகொண்டு நின்றோம்,
நோலீன், கிளாரி, நிலத்துக்குச் சொந்தக்...
அந்தச் சொல்லைப் பாதியில் விட்டேன்.

அவர்தான் கீழ்க்கம்பியைப் பூட்ஸால் மிதித்து
நடுக்கம்பியைக் கையால் தூக்கிப் பிடித்தார்.
நோலீன் குனிந்தாள்.
முள்ளில் கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டது.
ஒருகணம் யாரும் அசையவில்லை.
பிறகு அவளே விடுவித்துக்கொண்டு நடந்தாள்.

ஓடையோரம் அவர்கள் என்ன பேசினார்கள்,
எந்தக் கல்லை எங்கே வைத்தார்கள், தெரியாது.
நானும் பெட்டிக்ரூவும் நாயும்
வண்டியருகே நின்றோம்.
அவர் கம்பியை விடவே இல்லை,
அவர்கள் திரும்பி வரும்வரை.

சீட்டுகள் மட்டும் டப்பாவில் திரும்பி வந்தன.
யார் வைத்துக்கொள்வது என்று முடிவாகவில்லை.
மண்டபத்தில், தொலைந்த பொருள் இழுப்பறையில் இருக்கின்றன,
ஒற்றைக் கையுறைக்கும்
யாரோ மறந்துபோன குடைக்கும் நடுவே.
திறக்கும்போதெல்லாம் லேசாகப் புகை வாசம்.