பதினேழுக்கு மேல்

ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை.
கொரடாச்சேரிக்குத் தெற்கே, கொள்முதல் நிலைய வாசலில்
தார்ப்பாய்க்கு அடியில் நெல் புழுங்குகிறது.
நான் பட்டியல் எழுத்தர்.
ஒரு பிடி அள்ளிக் கருவிக்குள் போட்டு
அது காட்டுகிற எண்ணைச் சத்தமாகச் சொல்வேன்.

அந்த நாவலில் இந்த வேலை செய்பவனுக்குப் பெயர் கிடையாது.
'வாசிப்பவன்', அவ்வளவுதான்.
கோட்டை வாசலில் வரிசையாக ஆட்கள்.
உள்ளங்கையில் ஊசி வைத்து ஈரம் பார்ப்பான்.
பதினேழைத் தாண்டினால்
களத்தில் பரப்பிவிடுவார்கள்,
காலால் கிளறிக் கிளறி.
காய்ந்தவர்கள் எழுந்து போகும்போது
சலசலவென்று நல்ல குடிமக்களின் சத்தம்.

எண்பத்தொன்றில் அச்சானது. முந்நூறு பிரதி.
அப்போதெல்லாம் இங்கே
நெல்லைக் கடித்துத்தான் பதம் பார்த்தார்கள்.
'அபாரக் கற்பனை' என்றது ஒரு மதிப்புரை.

பிறகு எப்படியோ பரவிவிட்டது.
அழுகிற குழந்தையைப் பார்த்து
திருவாரூர் பஸ் கண்டக்டர் சொல்கிறார்: "ஈரம் ஜாஸ்தி."
அந்த ஆளைப் புத்தகக் கடைப் பக்கம் யாரும் பார்த்திருக்க முடியாது.
தேர்தலில் இரண்டு கட்சியும் ஒன்றையொன்று
'வாசிப்பவன்' என்று சுவரில் எழுதின,
ஒரே பெயின்டரை வைத்து.
மன்னார்குடிக் கல்லூரிப் பையன்கள்
17 என்று அச்சடித்த பனியனோடு வந்து
என் கருவியோடு செல்ஃபி எடுத்தார்கள்.
நானும் படத்தில் இருக்கிறேன். சிரித்துக்கொண்டு.

இன்று வரிசையில் பதினோராவது ஆள்
உ. தையல்நாயகி.
பின்னட்டைப் படத்தில் இருக்கிற அதே கோணல் வகிடு,
நரைத்திருந்தது.
நாற்பத்தெட்டு மூட்டை, குறுவை.
போன வாரம் சுமைக்காரர்கள் இரவல் வாங்கிப்போன
தார்ப்பாயைத்தான் முதலில் கேட்டார்.

ஒன்பது முறை படித்தவன் நான்.
கடைசிப் பக்கத்தில் வாசிப்பவன்
தன் கையிலேயே ஊசியை வைத்துக்கொள்கிறானே,
என்ன எண் வந்தது?
கேட்க வாயெடுத்தேன்.
கருவி பத்தொன்பது புள்ளி நான்கு என்றது.

அவர் எட்டிப் பார்க்கவில்லை.
ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார், துப்பினார்.
"இருபதுக்குக் கிட்ட இருக்குமே.
எழுதிக்குங்க, பின்னால ஆள் நிக்குது."

எழுதினேன்.
உள்ளங்கை பட்டு நான்கு கலங்கிவிட்டது.
மறுபடி அதன்மேலேயே எழுதினேன்.

தார்ப்பாய் கிடைக்கவில்லை.
மேற்கே, வெட்டாற்றுப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
பன்னிரண்டாவது ஆள்
மூட்டையின் வாயைப் பிரித்தார்.