பதினேழாம் பெயர்

கைபேசிப் படத்தில் ஆட்கள் இல்லை.
வெள்ளையாக ஏதோ, மூலையில் ஒரு மண்வெட்டிக் காம்பு.
காலை ஒன்பது பத்து, கூக்கால்,
அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் சரி.
ஆட்கள் முப்பத்தொன்று என்கிறது பதிவு.

"மஞ்சு இறங்கிருச்சும்மா" என்றாள்
பணித்தளப் பொறுப்பாளர் ஆரோக்கியசெல்வி.
"சிக்னலுக்குப் பாறை மேல ஏறணும்.
அதுக்குள்ள மறைச்சிரும்."

சமூகத் தணிக்கைக்கு வந்தவள் நான்,
வத்தலக்குண்டில் ஏறி, கொடைக்கானலில் பஸ் மாறி.
மஞ்சை நம்ப எனக்கு அதிகாரம் இல்லை.
டேப்பை நம்பலாம்.

சீகை மரச் சரிவில் குழி குழியாக இறங்கினேன்.
ஒன்றில் காட்டுமாட்டுக் குளம்பு. ஒன்றில் தவளை.
பெயருக்கு ஆறு வீதம்
நூற்று எண்பத்தாறு.
ஒன்றும் குறையவில்லை.

பிறகு வீடு வீடாக.
பதினேழாம் பெயர் மயிலாத்தாள்.
ஆணியில் தொங்கிய தடுப்பூசி அட்டையில்
பிள்ளை பிறந்தது ஒன்பதாம் தேதி.
வேலை நடந்தது பதினொன்று முதல் பதினாறு வரை.
வரக்காப்பி கொடுத்தாள்.
குடித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

"அவ பங்கையும் நாங்கதான் வெட்டுனோம்.
குழி இருக்கா, இல்லையா?"
வாசலில் பூரணம்.
இருந்தது. அளந்தவள் நான்தான்.

குறைந்த வேலைக்குப் படிவத்தில்
ஏழு குறியீடுகள் உண்டு.
கூடுதல் வேலைக்கு ஒன்றும் இல்லை.

அன்றிரவு பஞ்சாயத்து அலுவலகத்தில்,
யாரோ போட்டுவைத்த பூண்டு மூட்டைகளின் நெடியில்,
பேனா மூடியைக் கடித்தபடி இருந்தேன்.
முப்பத்தொன்று என்றே எழுதலாம்.
படத்தில் மஞ்சு இருக்கிறது. யார் பார்த்தார்கள்?

முப்பது என்று எழுதினேன்.

கிராம சபையில் நானேதான் வாசித்தேன்.
தடுப்பணையில் காணாத நாற்பது மூட்டை சிமெண்டுக்கு
அடுத்த கூட்டத்தில் விளக்கம் என்றார்கள்.
மயிலாத்தாளுக்கு உடனடி வசூல்:
ஆறு நாள் கூலி,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு.

ஆளுக்கு அறுபத்து மூணு ரூவா எண்பது காசு என்று
பின்வரிசையில் ஒரு மனக்கணக்கு.
எண்பது காசுக்கு எங்கே போவது?
அறுபத்து நாலாகவே
முந்தானை முடிச்சுகள் அவிழ்ந்தன.

செயலர் இரண்டு முறை எண்ணினார்.
ஆறு ரூபாய் கூடுதல்.
சில்லறை இல்லை என்றார்.

பூரணம் மேசையருகே வந்தாள்.
என்னைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்:
"அந்த ஆறு ரூவாய்க்கும்
ரசீது போடச் சொல்லுங்க."