பராமரிப்பு நேரம்

ஞாயிறு காலை ஏழு முப்பத்திரண்டு.
மானூர் பால் சொசைட்டியிலிருந்து முப்பிடாதி:
"எக்கா, மிஷின் செத்துட்டு.
நாப்பது கேன் வரிசையில நிக்கு."

வண்ணார்பேட்டை மாடியில்
வாயில் பிரஷ்ஷோடு லேப்டாப்பைத் திறக்கிறேன்.
இணைப்பு மறுக்கப்பட்டது.
மறுபடியும்
மறுக்கப்பட்டது.
பாஸ்வேர்டு மாறவில்லை.
வட்டில் பாதிக்குமேல் இடம் சும்மா கிடக்கிறது.
நேற்று யாரும் எதையும் தொடவில்லையாம்
(தொட்டவனும் அப்படித்தான் சொல்வான்,
அதனால் இரண்டு பேரை எழுப்பிக் கேட்டேன்).
மும்பையில் ஏதோ குளிர்ந்த அறையில்
எங்கள் பால் கணக்கு இருக்கிறது. நான் பார்த்ததில்லை.
அதைப் பார்த்துக்கொள்ள மாதாமாதம் பணம் வாங்குகிறவர்களின்
நிலவரப் பக்கம் முழுக்கப் பச்சை.

"எந்தக் காரணமும் இல்லாமல்" என்று
புகார் எழுதிக்கொண்டிருந்தபோதுதான்
பதிவேட்டில் அந்த வரி:
பராமரிப்பு தொடக்கம், 02:00.

இரண்டா?
ஜனவரியில் நான்தான் குறித்தேன்,
ஊரடங்கின நேரம், ராத்திரி இரண்டு என்று.
கிரீன்விச் என்று பக்கத்திலேயே பொடி எழுத்து.
இத்தனை மாதம் ஒட்டுப்போட ஒன்றும் வரவில்லை,
இன்று வந்திருக்கிறது.
அவர்களுக்கு இரண்டு.
நமக்கு ஏழரை.

பதினோராவது நிமிஷம் அதுவாக எழுந்துகொண்டது.
புகாரை அழித்தேன்.
இனி சனிக்கிழமை இருபத்தொன்று;
விரல் விட்டு எண்ணினேன், இரண்டு தடவை.

"வந்துட்டுக்கா.
சுவத்துல கரியால எழுதிப் போட்டத எல்லாம் ஏத்தியாச்சு."
சரி, சுவரை அழித்துவிடு என்றேன்.
"கெடக்கட்டும்.
அடுத்த ஞாயித்துக்கிழம பாத்துட்டு அழிக்கேன்."