எண்ணும் கை

பணம் எண்ண இரண்டு கையும் வேண்டும்.
நோட்டுக்கட்டை இடது கை பிடிக்க
வலது பெருவிரல் தள்ளித் தள்ளி எண்ணும்.
காந்தி ரோட்டில் பன்னிரண்டு வருடமாக
இதுதான் என் பிழைப்பு.
மால்டாவிலிருந்தும் சில்சாரிலிருந்தும்
என் கணக்கில் வந்து விழுவதை
ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு
நோட்டாக மாற்றித் தருவேன்.
நூற்றுக்கு ஒரு ரூபாய் எனக்கு.
ஆகவே அந்த வசனத்தை ஆயர் வாசிக்கும்போதெல்லாம்
ஒரு தொழில்முறைச் சந்தேகம்:
இடது கைக்குத் தெரியாமல் எப்படி?

நிதாய் மண்டலின் பையனுக்கு
இருதயத்தில் ஓட்டை.
வயலை ஈடு வைத்த பணம்
இன்று வரும், நாளை வரும் என்று
என் கடை ஸ்டூலில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தான்.
அக்கினி நட்சத்திரம். பாலாற்றில் மணல் கொதித்தது.
நான்காம் நாள் ராத்திரி, கரண்ட் போன நேரம் பார்த்து,
பக்கத்து லாட்ஜின் மாடியேறி
பதினாலாம் நம்பர் அறைக் கதவின் கீழே
ஒரு பழுப்புக் கவரைத் தள்ளினேன்.
இருபத்திரண்டாயிரம். பெயர் எழுதவில்லை.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன்,
திருடனைப் போல;
திருடனைப் போல இறங்குகிறோம் என்பதை
ரசித்துக்கொண்டே.

காலையில் நிதாய்
லாட்ஜ் மேனேஜர் பாக்கியதாஸின் காலில் விழுந்தான்.
பாக்கியதாஸ் தூக்கி நிறுத்தினார். மறுக்கவில்லை.
"எல்லாம் ஆண்டவர் கிருபை" என்றார்,
ஆண்டவரைத் தானே அனுப்பிவைத்த மாதிரி.

அன்று ஒரே கட்டை மூன்று முறை எண்ணினேன்.
மூன்று முறையும் வேறு வேறு தொகை.
ஞாயிற்றுக்கிழமை
பாக்கியதாஸுக்கு இரண்டு பெஞ்சு பின்னால் உட்கார்ந்து
அவர் பிடரியைப் பார்த்தபடியே
பாவ அறிக்கை சொன்னேன்.
கணக்கு நோட்டில் 'கவர் 22' என்று எழுதியிருந்ததை
ரப்பர் போட்டு அழித்தேன்.
அந்தப் பக்கத்திலேயே
அழித்த இடம்தான் பளிச்சென்று தெரிந்தது.

பையனை டிஸ்சார்ஜ் செய்த சாயங்காலம்
லாட்ஜ் மொட்டை மாடிக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.
போனேன். ஓடினேன் என்றே சொல்ல வேண்டும்.
எப்படியோ தெரிந்துவிட்டது போல என்று
படியேறும்போதே
முகத்தில் கொஞ்சம் தாழ்மையைத் தயார் செய்துகொண்டேன்.

கூப்பிட்டது மொழிபெயர்க்க.

கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே நிதாயின் மனைவி.
எதிரே, லாட்ஜ் பெருக்கும் பெர்சியாள்,
பினாயில் வாளியோடு.
எங்கள் சபைதான், கடைசிப் பாயில் உட்காருவாள்.
பெங்காலி அவளுக்கு வராது; தமிழ் இவளுக்கு வராது.
ரொம்ப நேரம் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள்.
நான் சொன்னேன்:

பையன் வாந்தி எடுத்த ராத்திரி
இந்தம்மா நனைஞ்ச புடவையோட நடையில நின்னாங்களாம்.
நீ உன் புடவையைக் கட்டக் கொடுத்துட்டு
அதை வாங்கிட்டுப் போய் அலசி,
விடியறதுக்குள்ள மடிச்சுக் கதவோரம் வெச்சியாம்.
ஊருக்குப் போகுமுன்னே
உன் கையை ஒரு தடவை பிடிக்கணுமாம்.

பெர்சியாள் வாளியைக் கீழே வைத்தாள்.
நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.
கொடியைப் பார்த்தாள்.
தூரத்தில் மலைமேல் வெயில் இறங்குவதைப் பார்த்தாள்.
எத்தனை அறை, எத்தனை வாந்தி, எத்தனை ராத்திரி.

"எந்தப் புடவை?" என்றாள்.

நடிப்பில்லை.
நடிப்பென்றால் எனக்குத் தெரிந்திருக்கும்;
மூன்று வாரமாக அதே வேலையாக இருந்தவன் நான்.

இருவரும் என் வாயைப் பார்த்தார்கள்.
மொழிபெயர்க்க வேண்டுமே.
தொண்டையைச் செருமிக்கொண்டு
"கோன் ஷாடி?" என்றேன்.

அந்தம்மா சிரித்தாள், உடனே அழுதாள்,
உடுத்தியிருந்த புடவையின் முந்தானையை
இரண்டு கையாலும் விரித்து நீட்டினாள்.
பெர்சியாள்
ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு
ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்,
முதல் தடவை பார்க்கிறவள்போல.

"நல்ல கலரா இருக்கே" என்றாள்.
வாளியை எடுத்துக்கொண்டாள்.